அழற்சி வேறு, வீக்கம் வேறு

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அக்கா மகனுக்கு இருபத்தாறு வயதில் கவாசாகி நோய் வந்து, புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் தங்கித் தேறினான். 1967இல் ஜப்பானிய மருத்துவர் தொமிசாகு கவாசாகி விவரித்த இந்நோய் இரத்தக்குழாய்களைத் தாக்குவது; பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. பெரியவர்களுக்கு மிக அரிது. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தமிழ்க் குறிப்பில் ‘இரத்தக்குழாய் வீக்கம்’ என்றிருந்தது. உப்பியிருந்த பாதங்கள் வற்றி, விரல்நுனித் தோல் உரியத் தொடங்கிய வாரத்தில், “வீக்கந்தான் வடிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்குடா ஆஸ்பிரின்?” என்று அக்கா மாத்திரை அட்டையை அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

அந்தக் குறிப்பில் ‘இரத்தக்குழாய் வீக்கம்’ என்று பெயர்த்திருந்த மூலச்சொல் வாஸ்குலைட்டிஸ். இலத்தீனில் ‘வாஸ்குலும்’ என்றால் சிறு கலம். ‘ஐட்டிஸ்’ என்ற கிரேக்க ஈறு மருத்துவத்தில் அழற்சியைச் சுட்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு மருத்துவச் சீட்டு வைத்திருப்பவர்கள் இதையே ‘வாஸ்குலாரித்’ என்று படித்திருப்பார்கள். தமிழில் குருதிக்குழாய் அழற்சி. சுழல் சுழற்சியானது போல், நெருப்பைக் குறிக்கும் அழல் அழற்சியாயிற்று; இலத்தீன்காரரும் இந்நிலைக்குத் தீயை வைத்தே பெயரிட்டனர்.

‘அழற்சி மக்களுக்குப் புரியாது, வீக்கம்தான் எளிது’ என்பது மொழிபெயர்ப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். குடல்வால் அழற்சியும் தோல் அழற்சியும் புரிகிற வாசகருக்கு இது மட்டும் எப்படிப் புரியாமல் போகும்? சிவத்தல், வீங்குதல், சூடு, வலி என்று பழைய ரோம நூலாசிரியர் செல்சஸ் எண்ணிய நான்கு குறிகளில் வீக்கம் ஒன்றே ஒன்று. ஒரு குறியை நோயின் பெயராக்குவது பிழை. அதைவிடப் பெரிய கேடு, இந்நோயில் உண்மையான வீக்கம் ஒன்று தனியே இருப்பதுதான். அழற்சியால் சுவர் நலிந்து இதயத் தமனி பலூன்போலப் புடைப்பது அது. சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வரக்கூடியது. இரண்டையும் வீக்கம் என்றால், ‘வீக்கத்தைத் தணிக்காவிட்டால் வீக்கம் வரும்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

பெரியவர்களிடம் இந்தக் குழப்பம் சிகிச்சையையே தொடுகிறது. புதிதாக நோய் கண்டவருக்குக் குழந்தைகளுக்கான முறையைப் பின்பற்றி, கூடுமானவரை காய்ச்சலின் முதல் பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை இரத்தக்குழாய் வழியே ஏற்றித் தணிக்க முயல்வது அழற்சியை. சிறுவயதில் வந்துபோன நோய் விட்டுச்சென்ற புடைப்போடு வாழ்பவருக்கோ அந்த மருந்தால் பயனில்லை. அங்கே இரத்தம் உறையாமல் காப்பதே வேலை, அதற்கு ஆஸ்பிரின் ஆண்டுக்கணக்கில்கூட நீளலாம். குருதியா இரத்தமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை; அழற்சி, புடைப்பு என்ற இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்காவின் குறிப்பில் ‘வீக்கம்’ என்பதை அடித்து ‘அழற்சி’ என்று எழுதிக்கொடுத்தேன். மருத்துவரைக் கேட்டபின், இதயத்தைப் பார்க்கும் அடுத்த எக்கோ பரிசோதனை வரைக்கும் மாத்திரை அட்டை அலமாரியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்தது.