சூடாக்கினாலும் போகாத நச்சு

"இந்தக் குளிருக்குச் சோறு பழுதாகுமா?" என்று இலங்கை மலையகத்தில் கேட்பதுண்டு. வெளியே குளிர்தான். ஆனால் இரவு சமைத்து மூடி, தணலுக்குப் பக்கத்தில் வைத்த பானையைத் திறந்து பாருங்கள். மேல்சோறு சில்லென்று இருக்கும். கரண்டியை நடுவில் விட்டால் இன்னும் வெதுவெதுப்பு. பசில்லஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவுக்கு அது போதும்.

இது மண்ணில் வாழ்வது. வயலிலிருந்தே நெல்லோடு வந்துவிடும். சோறு கொதிக்கையில் பற்றீரியா செத்தாலும் தடித்த உறைக்குள் உறங்கிக் கிடக்கும் அதன் வித்திகள் சாவதில்லை. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதிக்கிறது. அதற்காக உயரத்தைக் குறை சொல்ல முடியாது. கொழும்பின் 100 பாகையிலும் வித்திகள் தப்பிவிடும். சோறு மெல்ல ஆறி 60 பாகைக்குக் கீழே இறங்கினால் அவை முளைக்கத் தொடங்கும். 30 பாகையை ஒட்டிப் பெருக்கம் வெகு வேகம். அப்போது சில வகைகள் செரியூலைட் என்ற நச்சைச் சோற்றிலேயே விட்டுவைக்கின்றன.

வில்லங்கமே இதில்தான். காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போகுமுன் அந்தச் சோற்றைச் சுடச்சுடச் சூடாக்கினாலும் சாவது பற்றீரியா மட்டுமே. செரியூலைட் 121 பாகையில் ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். வீட்டு அடுப்பு அதை என்ன செய்யும்? மணத்திலும் ருசியிலும் வித்தியாசம் தெரியாமலே இருக்கலாம்.

பானை பெரிதாகப் பெரிதாக நடுச்சோறு ஆறும் நேரமும் நீளும். ஆகவே திருவிழா அன்னதானத்துக் கிடாரத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். மிஞ்சியதை அப்படியே மூடிவைக்காமல், அகலத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. பெட்டி இல்லாத வீட்டில் அளந்து சமைப்பதுதான் வழி. சரி, தண்ணீர் ஊற்றிவைக்கும் பழைய சோறு? அதில் புளிப்பு நன்றாக ஏறிவிட்டால் இந்தப் பற்றீரியா தழைக்காது. ஆனால் குளிரில் புளிப்பதற்கும் நேரம் எடுக்கும்.

நச்சு உள்ளே போனால் 1 முதல் 6 மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வரும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். அதுவரை ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைத் தூளைத் தண்ணீரில் கரைத்து மடக்கு மடக்காகக் குடிக்கலாம். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அரிதாக இந்த நச்சு ஈரலையே தாக்கும்.