பேரெழுத்து: ‘கேப்பிட்டல் லெட்டர்’ என்ற சொல்லும் இனப்பெயர்களும்

ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கில ஏடுகளில் ஒரு பிழையை அடிக்கடி காணலாம். கீழக்கரை, பாம்பன், தொண்டி என்ற ஊர்ப்பெயர்களைப் பெரிய எழுத்தில் தொடங்கும் பிள்ளை, அவ்வூர்களில் வாழும் மரைக்காயரையும் பரதவரையும், ஏன், தமிழரையுமே சிறிய எழுத்தில் எழுதிவிடுகிறது. பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. தமிழ் எழுத்துக்குப் பெரிது, சிறிது என்ற இருவடிவம் கிடையாது. கீழக்கரைப் பெரியவர்கள் தமிழை எழுதிய அரபு எழுத்துக்கும் (அப்படி எழுதிய தமிழே அறபுத்தமிழ்) கிடையாது.

‘கேப்பிட்டல்’ என்பது, தலை எனப் பொருள்படும் ‘காபுட்’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ரோமானியர் கல்லில் வெட்டியவை இன்று நாம் பெரிய எழுத்து என்னும் வடிவங்களே. விரைந்து எழுதும் கைப்பழக்கத்தில் மெல்லத் தோன்றிய சிறிய வடிவங்கள் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவை ஆண்ட சார்லமேன் பேரரசின் சுவடிகளில் ஒழுங்குபெற்றன. பிற்காலத்தில் அச்சுக்கோப்போர் பழைய வடிவங்களை மேல்பெட்டியில் வைத்ததால் ‘அப்பர் கேஸ்’ என்ற பெயரும் சேர்ந்தது.

நாட்டினர், இனத்தார், மொழி ஆகியவற்றின் பெயர்களையும், அவற்றிலிருந்து பிறக்கும் பெயரடைகளையும் ஆங்கிலம் பெரிய எழுத்தில் தொடங்கும். பிரெஞ்சு, மக்கட்பெயருக்கு மட்டும் அதைத் தந்து, பெயரடைக்கும் மொழிப்பெயருக்கும் மறுக்கிறது. ஸ்பானியம் மூன்றுக்கும் தருவதில்லை. ஆகவே இது அந்தந்த மொழியின் மரபுதான். ஆனால் ஆங்கிலத்துக்குள் அந்த மரபு மதிப்போடு பிணைந்துவிட்டது. அமெரிக்கக் கறுப்பினத்தாருக்கு அன்று வழங்கிய ‘நீக்ரோ’ என்ற பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் முதலானோர் நெடுங்காலம் வலியுறுத்திய பிறகே, 1930இல் நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்றது. இனத்தைக் குறிக்கும் ‘பிளாக்’ என்ற சொல்லுக்கு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பெரிய எழுத்தை வழங்கியது 2020 ஜூனில்தான். ஓர் எழுத்தின் உருவத்துக்காக மக்கள் இத்தனை காலம் போராடியதை அறிந்தபின், நம் பெயரை நாமே சிறிய எழுத்தில் எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

நம் கடலுக்கு நெருக்கமான சான்று ‘மூர்’. வடமேற்கு ஆப்பிரிக்க மக்களைக் குறித்த ‘மௌருஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்த இப்பெயரைப் போர்த்துக்கீசியர் இப்பகுதி முஸ்லிம்களின்மீதும் ஏற்றினர். இலங்கையின் குடிக்கணக்கில் அது இன்றும் நிற்கிறது. அங்கே அம்மக்களின் தமிழ்ப்பெயர் சோனகர், அதுவோ ‘யவனர்’ என்பதன் திரிபாகக் கருதப்படுவது. பெரிய எழுத்தில் தொடங்கினால் ஒரு மக்கள்கூட்டத்தைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல், சிறிய எழுத்தில் தொடங்கினால் வத்தை, வல்லம் போன்ற படகைத் துறையில் கட்டுவதைக் குறிக்கும். புதர் மண்டிய மேட்டுநிலத்தையும் குறிக்கும். வேர் வேறு, ஒலி ஒன்று, பிரித்துக்காட்டுவது முதலெழுத்தின் உருவம் மட்டுமே. தமிழில் அவ்வேலையை ஈறு செய்கிறது: சோனகர், பரதவர், தமிழர் என்ற சொற்களின் ‘அர்’ விகுதி, இது மக்களின் பெயர் என்பதையும் மதிப்பையும் ஒருங்கே சொல்லிவிடுகிறது.

இனி, தமிழ்ச்சொல். ‘கேப்பிட்டல்’ தலையிலிருந்து வந்ததென்று தலையெழுத்து என்றால் விதியாகிவிடும். தலைப்பெழுத்து, பெயருக்குமுன் இடும் தந்தை பெயரின் எழுத்துக்கு வழங்குகிறது. முதலெழுத்து என்பது இலக்கணத்தில் உயிரும் மெய்யுமான முப்பது. பெரிய எழுத்து எல்லார்க்கும் புரியும். ஆயினும் பழைய கதைப்பாடல் பதிப்புகளின் அட்டையில் கண்டதுபோல, பருத்த அச்சையும் அது குறிக்கும். ஆதலால் பேரெழுத்து என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பெருமை என்ற பண்பு உயிர்முன் ‘பேர்’ ஆவது இலக்கணம். பெயர் என்பதும் பேச்சில் ‘பேர்’ ஆவதால், பெரிய எழுத்து, பெயருக்குரிய எழுத்து என்ற இரண்டையும் அச்சொல் தாங்குகிறது. வகுப்பறையில் ‘பெரிய எம் போடு’ என்றாலே மரைக்காயர் என்ற பெயர் சரியாகிவிடும். இலக்கண விதியை எழுதிவைக்கும் இடத்தில் பேரெழுத்து என்று எழுதலாம்.