படிக்கலாம், எழுத முடியாது: ஒரு இணையதளம் வீடு மாறும் நேரம்

ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் ஓர் அறிவிப்பைப் பார்ப்பார்கள். குறிப்பிட்ட சில நிமிடங்களுக்குக் கட்டுரைகளைப் படிக்கலாம், ஆனால் திருத்த முடியாது. அந்த நேரத்தில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தன் தளங்களின் தலைமைப் பொறுப்பை சர்வர்கள் இருக்கும் ஒரு தரவு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்று வர்ஜீனியாவின் ஆஷ்பர்னில் இருக்கிறது, மற்றது டெக்சாஸில் டாலஸ் அருகே. பழுது எதுவும் இல்லாமலேயே இதைச் செய்கிறார்கள். ஒரு மையம் திடீரென முடங்கினால் மற்றது முழுச் சுமையையும் தாங்குமா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் ஏற்பாடு இது.

படிப்பது நிற்காதபோது எழுதுவது மட்டும் ஏன் நிற்க வேண்டும்? சர்வர் மாற்றும் வேலையின் சிக்கல் எல்லாம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில் எளிய பகுதி: தளம் புதிய சர்வருக்குப் போனதும் வருபவர்களை அங்கே அனுப்புவது. தளத்தின் பெயரை உலாவியில் தட்டினால், அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரியை, அதாவது சர்வரைக் குறிக்கும் எண்ணை, டிஎன்எஸ் என்ற பெயர்த் தேடல் முறை தருகிறது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த முறை இது. ஒவ்வொரு முறையும் மூலச் சர்வரையே கேட்டால் தாங்காது என்பதால், வழியில் உள்ள இடைச் சர்வர்கள் பதிலைச் சில காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு காலம் என்பதைத் தளத்தின் உரிமையாளரே நொடிக்கணக்கில் எழுதி வைக்கிறார். அந்த எண்ணுக்கு டிடிஎல் என்று பெயர். அது 86400 என்றால் ஒரு நாள். இன்று காலை முகவரியை மாற்றினாலும், நேற்றிரவு பழைய பதிலை வாங்கிய இடைச் சர்வர் இன்றிரவு வரை ஆட்களைப் பழைய இடத்துக்கே அனுப்பும்.

அதனால் மாற்றும் நாளுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே டிடிஎல்லை 300 நொடிக்குக் குறைத்துவிட வேண்டும். மாற்றும் நேரத்தில் குறைத்துப் பயனில்லை. பழைய எண்ணோடு வாங்கிய பதில்கள் ஏற்கெனவே உலகமெங்கும் போய்விட்டன. அவசரத்தில் பலர் மறப்பது இந்த வரிசையைத்தான். வரிசை சரியாக இருந்தாலும் சிறிது நேரம் பாதிப் பேர் பழைய சர்வருக்கும் பாதிப் பேர் புதியதற்கும் போவார்கள். படிக்க மட்டும் வருபவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே பக்கம்தான்.

எழுதுபவர்கள் வந்தால் கதை வேறு. ஒரே கடையின் கணக்கை இரண்டு பேர் இரண்டு பேரேட்டில் எழுதினால் மாலையில் எது சரி என்று யார் சொல்வது? தளத்தின் தகவல்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸுக்கும் இதே நிலைதான். பழையதில் ஒருவர் புதுக் கணக்கு தொடங்க, அதே வரிசை எண்ணில் புதியதில் இன்னொருவர் தொடங்கிவிட்டால், இரண்டையும் பின்னால் தானாக இணைக்க வழியில்லை.

இதன் விலையை, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2018 அக்டோபர் 21 அன்று கொடுத்தது. பழுதான ஒரு கருவியை மாற்றும்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள அதன் முதன்மைத் தரவு மையத்தின் தொடர்பு 43 நொடி அறுந்தது. தானியங்கி மென்பொருள் தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றியது. கிழக்கில் அதற்குள் எழுதப்பட்ட சில நொடித் தகவல்கள் மேற்கை எட்டியிருக்கவில்லை. மேற்கிலோ புதிய தகவல்கள் சேரத் தொடங்கிவிட்டன. பயனர்கள் எழுதியது தொலையக் கூடாது என்று முடிவெடுத்து, பொறுமையாகச் சரிசெய்தார்கள். சேவை முழுதாக மீள 24 மணி 11 நிமிடம் ஆனது. வேகத்தைவிடத் தரவைப் பெரிதாக நினைத்த அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

விக்கிப்பீடியா அந்த நிலையே வராமல் தடுக்கிறது. முதலில் எழுதும் வழியை அடைக்கிறார்கள். கடைசியாக எழுதப்பட்ட திருத்தம் வரை மறு மையத்தின் நகல் எட்டிவிட்டதா என்று பார்க்கிறார்கள். எட்டிய பிறகே தலைமையை மாற்றி வழியைத் திறக்கிறார்கள். 2016இல் முதன்முறை இதைச் செய்தபோது எழுதுவது ஏறக்குறைய 45 நிமிடம் நின்றது. கையால் செய்த படிகளை ஒவ்வொன்றாக நிரல்களுக்கு மாற்றினார்கள். 2020இல் அது மூன்று நிமிடத்துக்கும் கீழே வந்தது.

சிறிய தளத்துக்கும் முறை இதுவேதான். ஒரு கடையின் இணையதளத்தை இரவு இரண்டு மணிக்கு இருபது நிமிடம் எழுத முடியாமல் வைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. எல்லா மொழி எழுத்துகளையும் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்ற ஓர் எழுத்து மூன்று பைட். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பழைய நிறுவல்கள் பலவற்றில் அட்டவணை, ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற ஐரோப்பிய முறையான லத்தீன்-1 என்று குறிக்கப்பட்டிருக்கும். மூன்று பைட்டையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகவே அது வைத்திருக்கும். உள்ளே போனபடியே வெளியே வருவதால் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாது. புதிய சர்வருக்கு நகலெடுக்கும் கருவி அவற்றை உண்மையான ஐரோப்பிய எழுத்துகள் என நம்பி யூடிஎஃப்-8க்கு மாற்றும்போது, கட்டுரைகள் எல்லாம் புள்ளியும் கொம்புமான குப்பையாகிவிடும். மாற்றுவதற்கு முன்பே, டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் உங்கள் கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய முகவரியை எழுதி, நீங்கள் மட்டும் புதிய தளத்தைத் திறந்து தமிழை வாசித்துப் பாருங்கள்.

பழைய சர்வரை உடனே அணைத்துவிடக் கூடாது. டிடிஎல் முடிந்த பின்னும் சிலர் அங்கே வருவார்கள்: பழைய பதிலை விடாத இடைச் சர்வர்கள், ஐபி முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்ட கைப்பேசிச் செயலிகள். வரும் கோரிக்கைகளை அப்படியே புதியதற்குத் திருப்பிவிட்டு, யார் இன்னும் வருகிறார்கள் என்று சர்வரின் பதிவேடான லாகில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் பழைய சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளை மட்டும் முதல் நாளே நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரே ரசீது இரண்டு முறை போகும்.