லோக்கலைசேஷன்னா உள்ளூர்மயமாக்கலா?

இந்த மாசத்துல இது மூணாவது தடவை. காமாக் கதிர் வெடிப்பு (ரொம்பத் தூரத்து வானத்துலேர்ந்து திடீர்னு வந்து மறையுற காமாக் கதிர் வீச்சு) பத்தித் தமிழ்ல ஒரு கட்டுரை, ஆர்வமா படிச்சிட்டே வந்தா நடுவுல "ஸ்விஃப்ட் தொலைநோக்கி வெடிப்பை உள்ளூர்மயமாக்கியது"ன்னு நிக்குது. பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அந்தப்பக்கம் வெடிச்சதை எந்த ஊருக்கய்யா உள்ளூர் ஆக்குனீங்க?

லத்தீன்ல லோகஸ்னா இடம், அதுலேர்ந்து லோக்கல், அதுலேர்ந்து லோக்கலைசேஷன், அவ்ளோதான் கதை. ஆனா அந்தக் கடைசி வார்த்தைக்கு ரெண்டு வேலை. சாஃப்ட்வேர்காரங்க மெனுவைத் தமிழாக்கி, தேதியை, ரூபாயை நம்ம வழக்கத்துக்கு மாத்துறாங்களே, அங்க உள்ளூர்மயமாக்கல் சரி. வானியல்ல அது வேற. வந்த கதிர் வானத்துல எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது.

அது லேசுப்பட்ட வேலையும் இல்ல. காமாக் கதிரைக் காத்துமண்டலம் கீழ விடாது, சாதாரண லென்ஸுக்கும் அது அடங்காது. 1967ல முதல்ல பிடிச்சது அமெரிக்காவோட வேலா சாட்டிலைட்டுங்க, யாராவது திருட்டுத்தனமா அணுகுண்டு சோதனை பண்றாங்களான்னு வேவு பாக்கப் போனதுங்க. ஒரே வெடிப்பு ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் எவ்வளவு முன்னே பின்னே வந்துச்சுன்னு கணக்குப் போட்டுத்தான் பூமியும் இல்ல சூரியனும் இல்லன்னு உறுதியாகி, 1973ல வெளிய சொன்னாங்க. 1991ல விண்வெளிக்குப் போன காம்ப்டன் ஆய்வகத்தோட பேட்சி கருவி 2,704 வெடிப்பைப் பிடிச்சுது, ஆனா திசை பல சமயம் சில டிகிரி தள்ளிப்போகும், நிலாவே வானத்துல அரை டிகிரி அகலம்தான்னா பாத்துக்கோங்க. 2004ல போன ஸ்விஃப்ட்ல மேல சுமார் 52,000 ஈயத் துண்டு பதிச்ச ஒரு தட்டு, கீழ டிடெக்டர், கதிர் எந்தச் சாய்வுல வருதோ அதுக்கேத்த மாதிரி கீழ நிழல் விழும், அந்த நிழலை வச்சே திசையைச் சொல்லிடுது. பிழை 1லேர்ந்து 4 ஆர்க்மினிட்தான் (ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்மினிட்), அதாவது பல சமயம் நிலா அகலத்துல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. உடனே தானே அந்தப் பக்கம் திரும்பி எக்ஸ்ரே தொலைநோக்கியால பாக்குற மாதிரிதான் அதைச் செஞ்சிருக்காங்க.

இதுல எங்கயாவது யாராவது எதையாவது "ஆக்குனாங்களா"?

"இடப்படுத்தல்"னு ஒண்ணு இருக்கே, அது சுத்தத் தமிழ்தானேன்னு ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். சுத்தம்தான், அர்த்தம் தப்பு. சுத்தப்படுத்துனா அழுக்கா இருந்தது சுத்தமாகும், ஒழுங்குபடுத்துனா கலைஞ்சு கிடந்தது ஒழுங்காகும். அப்ப இடப்படுத்துனா? இடமில்லாம அலைஞ்ச வெடிப்புக்கு நாம ஒரு இடம் பாத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். அதோட இடம் அதுக்கு முன்னாடியே இருக்கு, நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். "தலப்படுத்தல்"லயும் இதே கோளாறு, கூடவே ஏதோ கோயில் தலபுராணம் மாதிரி இருக்கு. இங்கிலீஷ்ல வார்த்தை "ஐஸ்"னு (-ize) முடிஞ்சா போதும், நம்ம மொழிபெயர்ப்பாளருங்க கை தானா மயமாக்கலுக்கும் படுத்தலுக்கும் போயிடுது. வார்த்தையைப் பாக்குறாங்க, அது செய்யிற வேலையைப் பாக்க மாட்டேங்கிறாங்க.

நான் சொல்றது இடங்காணல். இனங்காணல், அடையாளங்காணல் எல்லாம் ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, அதே வார்ப்பு. "காணல்னா கண்ணால பாக்குறதுதானே, இங்க வெறும் நிழல்தானே விழுது"ன்னு கேக்கலாம். கணக்குக்கு விடை காணுறோமே, அதைக் கண்ணாலயா பாக்குறோம்? வாக்கியத்துல வச்சும் பாருங்க: "ஸ்விஃப்ட் அந்த வெடிப்பை இடங்கண்டது." எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கும் புரியும். 2017 ஆகஸ்ட் 17ல ஈர்ப்பலை (வெளியையே லேசா நெளிச்சுட்டு வர்ற அலை) வந்து 1.7 நொடில ஃபெர்மி விண்கலம் காமா வெடிப்பைப் பிடிச்சுது, ஈர்ப்பலைக் கருவிங்க சுமார் 30 சதுர டிகிரிக்குள்ள இடங்கண்டு குடுத்ததாலதான் தரையில இருந்த தொலைநோக்கிங்க அந்த வெடிப்பு நடந்த கேலக்ஸியையே தேடிப் பிடிச்சுதுங்க. இந்த வாக்கியத்துல உள்ளூர்மயமாக்கலைப் போட்டுப் படிச்சுப் பாருங்க, சிரிப்பு வரும்.

அதே கட்டுரையில ஸ்விஃப்டுக்கு "விரைவுத் தொலைநோக்கி"ன்னு வேற போட்டிருந்தாங்க. அது ஒரு குருவியோட பேரு. நம்ம பனை உழவாரன் அதே கூட்டம்தான்.