எஃப்.சி.யும் ஏ.பி.எஸ். விளக்கும்: லாரி, டிரெய்லர் வைத்திருப்போர் அறிய வேண்டிய விதிகள்

மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊர் ஓட்டுநர்கள் இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே சொல்கிறார்கள். தகுதிச் சான்றின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பெயரே காட்டிக்கொடுக்கிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, சரக்கு வாகனத்தின் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று நடப்பில் இருந்தால்தான் அதன் பதிவு செல்லும். புது வண்டிக்கு 2 ஆண்டு; 8 ஆண்டு வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை; அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மதுரையில் டி.என். 58, 59, 64 என எந்த எண்ணில் பதிவான வண்டிக்கும் இதே கணக்குதான். இழுவை வண்டிக்கு எஃப்.சி. இருப்பதால் டிரெய்லருக்கும் இருக்கிறது என்று பொருளில்லை. டிரெய்லருக்குப் பதிவும் தனி, எஃப்.சி.யும் தனி.

வண்டி சட்டத்தையும் விதிகளையும் முழுமையாக நிறைவு செய்கிறது என்பதற்கே இச்சான்று தரப்படுகிறது. மொத்த எடை 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 2015 முதல் ஏ.பி.எஸ். (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமாகிவிட்டதால், அது பழுதாகிக் கிடந்தால் பிரேக் சரியாக இருக்கிறது என்று உரிமையாளர் வாதாட முடியாது. ஏ.பி.எஸ். செயலிழந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஈரச்சாலையில் திடீரென மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு, டிரெய்லரின் வால் அடுத்த தடத்துக்குத் திரும்பிவிடும்.

சட்டத்தின் 190ஆம் பிரிவு இங்கே மிக முக்கியமானது. ஆபத்து விளைவிக்கும் பழுது இருப்பதை அறிந்தோ, சாதாரண கவனம் செலுத்தியிருந்தால் அறிந்திருக்கக்கூடிய நிலையிலோ வண்டியை ஓட்டுபவர் மட்டுமின்றி, ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளியே. முதல் முறை 1,500 ரூபாய் அபராதம். அப்பழுதினால் விபத்து நேர்ந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில வினாடிகளிலோ வண்டி நகரத் தொடங்கியதுமோ அணைய வேண்டிய ஏ.பி.எஸ். மஞ்சள் விளக்கு அணையாமல் நிற்கும்போது, பழுது எனக்குத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவதையும் பல்பைக் கழற்றுவதையும் சிலர் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஓட்டுநரின் உயிரோடு விளையாடும் செயல் அது.

இத்தனைக்கும் பல பழுதுகள் சிறியவை. தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி வந்த ஒரு டிரெய்லரைக் கப்பலூர்ப் பட்டறையில் பார்த்தேன். அதன் ஏ.பி.எஸ். விளக்கு அணையவில்லை; ஏ.பி.எஸ். கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று உரிமையாளரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். மெக்கானிக் முதலில் ஃபியூசைப் பார்த்தார். அடுத்து, இழுவை வண்டியிலிருந்து டிரெய்லருக்குப் போகும் ஏ.பி.எஸ். கேபிளைப் பிடுங்கினார். முனைகள் பச்சைக் களிம்பேறிக் கிடந்தன. அதைச் சுத்தம் செய்த பிறகும் ஒரு சக்கரத்தின் பழுதுக் குறியீடு நின்றது. கிரீஸ் வைக்க ஹப்பைக் கழற்றி மாட்டியபோது, சக்கரம் சுழல்வதை உணரும் சென்சார், சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்திலிருந்து விலகிப் போயிருக்கிறது. வளையத்தைத் தொடும்வரை அதை உள்ளே தள்ளிவிட்டு, சக்கரத்தைத் தூக்கி, 2 வினாடிக்கு ஒரு சுற்றாகக் கையால் சுழற்றினார். சென்சாரில் இணைத்த மீட்டர் 0.2 வோல்ட் ஏ.சி.க்கு மேல் காட்டியது; சென்சார் சரியாக வேலை செய்கிறது என்று பொருள். புதிய பாகம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. பேரிங் ஆட்டம் இருந்தால் சென்சார் மறுபடியும் விலகும் என்பதால் அதையும் சரிபார்த்தே சக்கரத்தை இறக்கினார்.

எஃப்.சி. மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது அலுவலகத்தின் கடமை. வாய்மொழியாகச் சொன்னதோடு திரும்பி வராமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அம்முடிவு தவறென்று கருதினால், ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் 57ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். பழுது உண்மையென்றால் அந்தத் தாளை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டால் போதும், வேலை பாதி குறையும்.

சென்சார் பழுதைச் சரிசெய்த பிறகும் நிற்கும் வண்டியில் விளக்கு அணையாமல் இருக்கலாம். சக்கரம் சுழல்வதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி உணர்ந்த பிறகே பல வண்டிகளில் அது அணையும். ஆகவே ஆய்வு நாளன்று காலையில் அவசரப்படாமல், முந்தைய நாளே சிறிது தூரம் ஓட்டி, இழுவை வண்டியின் விளக்கும் டிரெய்லரின் விளக்கும் அணைகின்றனவா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.