ரிலே: களைத்த குதிரையிலிருந்து கைமாற்றி வரை

இரண்டு மின்மூலங்கள். ஒன்று போனால் மற்றொன்று தானாக வந்து நிற்க வேண்டும். அடாப்டர், அதற்குத் துணையாக ஒரு பேட்டரி என்ற எளிய அமைப்பில் இந்த வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் கட்டைவிரல் அளவு பெட்டிக்குள் இருக்கும் ஒரு ரிலேதான், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். பேச்சில் ‘ஆட்டோ சேஞ்ச்ஓவர்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் பேனா நின்றுவிடுகிறது. ரிலேக்குத் தமிழில் என்ன?

சொல்லின் ஊரைப் பார்த்துவிட்டு வருவோம். ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் வேரில் இருப்பது ‘விடுதல், விட்டுவைத்தல்’ என்ற பொருள். வேட்டைக்குப் போகிறவர்கள், விலங்கு ஓடக்கூடிய வழியில் அங்கங்கே புது நாய்களைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். துரத்தி வந்த நாய்களுக்கு மூச்சு வாங்கியதும், காத்திருந்தவற்றை அவிழ்த்துவிடுவார்கள். அப்படி வழியில் நிறுத்திவைத்த கூட்டத்துக்குத்தான் ரிலே என்று பெயர். பின்னாளில் நெடும்பயணத்தில் மாற்றிக்கொள்ளும் குதிரைகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

மின்சாரத்துக்குள் சொல் நுழைந்தது தந்தி வழியாக. நீண்ட கம்பியில் மின்னோட்டம் மெலிந்துபோகும். மறுமுனையில் கருவியை அசைக்கக்கூட அதில் தெம்பு இருக்காது. அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835இல், மெலிந்த மின்னோட்டத்தால் ஒரு மின்காந்தத்தை அசைத்து, அதன் வழியாக வலுவான இன்னொரு சுற்றைக் கட்டுப்படுத்திக் காட்டினார். சாமுவேல் மோர்ஸின் தந்தியும் இதே உத்தியைப் பயன்படுத்தியது. வந்த மின்னோட்டம் களைத்த குதிரை, அந்த இடத்து பேட்டரி புதுக் குதிரை. பெயர் கச்சிதமாகப் பொருந்தியது.

இனித் தமிழ். நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: அஞ்சல். இலங்கைப் பள்ளி மைதானங்களில் ரிலே ரேஸை ‘அஞ்சலோட்டம்’ என்றே சொல்கிறார்கள். திருவிதாங்கூரில் 1951 வரை தனியாக இயங்கிய தபால் துறைக்குப் பெயரே அஞ்சல்தான். சலங்கை கட்டிய கோலோடு ஓடியவர் அஞ்சலோட்டக்காரர். ஆள் மாறி ஆள் பையைக் கொண்டுசேர்க்கும் வேலை, ரிலேயின் பழம்பொருளுக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடைக்காது. ஆனால் இன்று அஞ்சல் என்றால் தபால் என்பது கல்லில் எழுதியதாகிவிட்டது. கருவிப் பெயராக்க இகரம் சேர்த்தால் ‘அஞ்சலி’. மின்சாரம் போன நேரத்தில் அது வேறு எதற்கு?

‘உணர்த்தி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். மின்னோட்டம் வரம்பு மீறியதை அறிந்து பிரேக்கருக்குச் சொல்லும் காப்பு ரிலேக்கு இது சரி. நம் சுற்றில் ரிலே யாருக்கும் எதையும் உணர்த்துவதில்லை. தானே இழுத்து மாற்றுகிறது. ‘மாற்றி’ என்று மட்டும் வைத்தால் மின்மாற்றி வந்து குறுக்கே நிற்கும். என் ஓட்டு ‘கைமாற்றி’க்கு. சுமை, அதாவது மின்சாரத்தில் ஓடும் கருவி, ஒரு மூலத்தின் கையிலிருந்து இன்னொன்றின் கைக்குப் போகிறது, அவ்வளவுதான் நடப்பது. பத்திரம் இல்லாமல் வாங்கும் சில்லறைக் கடனும் கைமாற்று என்பது கூடுதல் பொருத்தம்: பேட்டரி தருவது கடன்தான், அடாப்டர் திரும்பி வந்ததும் சார்ஜாகக் கட்டித்தான் ஆக வேண்டும்.

வேலை நடக்கும் விதம் இது. சுமையை ரிலேயின் பொதுமுனையில், மற்ற இரண்டு முனைகளில் ஒன்றை மாறி மாறித் தொடும் முனையில், கட்டுவோம். அடாப்டரை ‘நார்மலி ஓப்பன்’ முனையில், பேட்டரியை ‘நார்மலி க்ளோஸ்டு’ முனையில். ரிலேயின் மின்காந்தமான கம்பிச்சுருளுக்கு மின்சாரம் அடாப்டரிலிருந்தே. அடாப்டர் இருக்கும்வரை சுருள் இழுத்துப் பிடித்திருக்கும். போனதும் ஸ்பிரிங் பின்னுக்கு இழுக்க, சுமை பேட்டரிக்கு வந்துவிடும். புதிதாகப் படிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் அந்த ‘நார்மல்’. நமக்கு இயல்பு என்றால் கரண்ட் இருப்பது. ரிலேக்கு இயல்பு என்றால் சுருளில் கரண்ட் இல்லாதது. ‘ஓய்வில் திறந்தது’, ‘ஓய்வில் மூடியது’ என்று எழுதினால் இந்தக் குழப்பமே வராது. ‘இயல்பில்’ என்ற நேர் மொழிபெயர்ப்பை நான் கைவிட்டதற்குக் காரணம் அதுதான்.

அஞ்சலோட்டத்தில் அடுத்தவர் கோலைப் பற்றிய பிறகுதான் முதலாமவர் விடுவார். ரிலே நேர்மாறு: முதலில் விடும், பிறகு பற்றும். அடாப்டரும் பேட்டரியும் ஒரு நொடிகூட ஒட்டக்கூடாது என்பதால் அது நல்லதே. ஆனால் சில மில்லிநொடிகள் கோல் அந்தரத்தில் நிற்கிறது. அதைத் தாங்க, மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்துவைக்கும் ஒரு கெபாசிட்டர் சுமைக்கு இணையாக வேண்டும். அரை ஆம்பியர் சுமை, 10 மில்லிநொடி இடைவெளி, 2 வோல்ட் சரிவு தாங்கலாம் என்றால் 0.5 × 0.01 ÷ 2, அதாவது 2,500 மைக்ரோஃபாரட். 3,300 போட்டால் நிம்மதி.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுவிட்டும் என் மின்சுற்றுப் பலகை ஒவ்வொரு முறையும் ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. பேட்டரியைத் திட்டினேன், கெபாசிட்டரை இரட்டித்தேன். குற்றவாளி சுருள். 12 வோல்ட் ரிலே இழுக்க ஏறத்தாழ 9 வோல்ட் வேண்டும். இழுத்த பிறகு பிடித்துக்கொண்டிருக்க அவ்வளவு தேவையில்லை. 1.2 வோல்ட்டுக்கு வந்தால் கட்டாயம் விட்டுவிடும் என்பதே தகவல்தாள் தரும் உறுதி. அடாப்டரின் வெளியீடு சட்டென்று அணைவதில்லை, உள்ளே இருக்கும் கெபாசிட்டரால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ரிலே விடாப்பிடியாகப் பிடித்திருக்க, சுமை அந்தச் சரிவிலேயே மயங்கி விழுந்துவிடும். குதிரை கீழே விழுந்த பிறகு மாற்றுக் குதிரையை அவிழ்த்த கதை.

மருந்து எளிது. சுருளை ஒரு டிரான்சிஸ்டர் வழியாக இயக்கி, அதன் கட்டுப்பாட்டு முனையான பேஸில் 9.1 வோல்ட் ஜீனர் டையோடைத் (குறிப்பிட்ட வோல்ட்டை எட்டினால் மட்டும் எதிர்த்திசையில் மின்னோட்டத்தை விடுவது) தொடரில் வைக்க வேண்டும். ஜீனரின் 9.1, பேஸ்-எமிட்டரின் 0.7, கூட்டினால் 9.8. அடாப்டர் அதற்குக் கீழே இறங்கும்போதே டிரான்சிஸ்டர் கையை விட்டுவிடும். (பேஸுக்கு ஒரு ரெசிஸ்டர் மறக்க வேண்டாம்.) சுமை கழன்றதும் அடாப்டர் கொஞ்சம் தலைதூக்கி ரிலேயை மறுபடி இழுத்து, படபடவென்று அடிக்க ஆரம்பித்தால், இழுக்கும் அளவுக்கும் விடும் அளவுக்கும் இடையே ஒரு வோல்ட்டாவது இடைவெளி விட்டு ஒப்பீட்டுச் சுற்று (கம்பரேட்டர்) அமைக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். சுருளுக்குக் குறுக்கே பாதுகாப்புக்காகப் போடும் டையோடு, சுருளின் மின்னோட்டம் வடிய நேரம் கொடுப்பதால், ரிலே விடுவதையும் தாமதப்படுத்துகிறது. டையோடுக்குத் தொடரில் எதிர்த்திசையில் ஒரு ஜீனர் வைத்தால் சீக்கிரம் விடும். டிரான்சிஸ்டர் அந்தக் கூடுதல் வோல்ட்டைத் தாங்கவேண்டும் என்பதே நிபந்தனை.

ரிலேயே இல்லாமல் இரண்டு ஷாட்கி டையோடுகளை (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும், இழப்பு குறைந்த வகை) வைத்தும் வேலையை முடிக்கலாம். எந்த மூலத்தின் வோல்ட் உயர்ந்ததோ அது சுமையைத் தாங்கும், இடைவெளியே கிடையாது. விலை, 0.4 வோல்ட் போல இழப்பு. 2 ஆம்பியரில் அது 0.8 வாட் சூடு. அங்கே கைமாற்றி என்ற பெயர் ஒட்டாது, ஏனென்றால் யாரும் எதையும் கைமாற்றுவதில்லை. ‘டையோடு இணைப்பு’ என்றே எழுதிவிடுகிறேன்.

வரைபடத்தில் பாகத்துக்குப் பக்கத்தில் ‘ரிலே’ என்றுதான் எழுதுவேன், வாங்கப் போகிறவருக்கு அது போதும். மேலே தலைப்பில் ‘கைமாற்றுச் சுற்று’, அளவீட்டில் ‘கைமாற்று நேரம்’.