புழுவுக்குப் புழு என்றே பெயர்

'ட்விட்டரிலிருந்து வரும் மின்னஞ்சலில் நச்சுநிரல், உஷார்!' ட்விட்டர் எக்ஸ் ஆகிவிட்டது, இந்த வாக்கியம் மட்டும் மாறவில்லை. கம்பெனிப் பெயரை மாற்றி மாற்றிப் போட்டுப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இதில் இரண்டு தப்பு. அஞ்சல் ட்விட்டரிலிருந்து வரவில்லை. பல சமயம் உள்ளே இருப்பது நச்சுநிரல் எனப்படும் வைரஸும் இல்லை. அது வார்ம், அதாவது புழு.

சொல் வந்த கதை சின்னதுதான். 1975-இல் ஜான் பிரன்னர் எழுதிய அறிவியல் புனைகதை ஒன்றில், வலைப்பின்னலுக்குள் திரியும் 'நாடாப்புழு' நிரல் வருகிறது. ஜெராக்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஷாக்கும் ஜான் ஹப்பும் பல கணினிகளில் பரவி வேலை செய்யும் நிரல்களுக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு 1982-இல் கட்டுரை எழுதினார்கள். அவை நல்ல புழுக்கள். 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் அவிழ்த்துவிட்ட புழு இணையத்தைத் திணறடித்தது. அதோடு பேர் கெட்டது.

சரி, நச்சுநிரலுக்கு வருவோம். லத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு. ஆகவே கணினி வைரஸை நச்சுநிரல் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது இன்னொரு கோப்பிலோ நிரலிலோ ஒட்டிக்கொண்டுதான் பிழைக்கும். புழு யாரையும் அண்டிப் பிழைப்பதில்லை. தானே முழு நிரல். தன்னையே படியெடுத்து அடுத்த கணினிக்கு அனுப்பும்.

2009-இல் 'உங்கள் நண்பர் உங்களை ட்விட்டருக்கு அழைக்கிறார்' என்று ஒரு மடல் சுற்றியது. பார்த்தால் அசல் அழைப்பு மாதிரியே இருக்கும். அசலில் சொடுக்க ஒரு சுட்டி (லிங்க்) இருக்கும். இதில் சுட்டி கிடையாது, 'அழைப்பிதழ்' என்று ஒரு ஜிப் கோப்பு தொங்கும். திறந்தால் அக்காண்ட்டா என்ற புழு வெளியே வந்து, கணினியில் கிடக்கும் மின்னஞ்சல் முகவரிகளைப் பொறுக்கி எல்லோருக்கும் தன் படியை அனுப்பும். பென்டிரைவிலும் ஏறிக்கொள்ளும். இதில் நஞ்சு எங்கே இருக்கிறது?

'ஆள் சொடுக்கினால்தானே கிளம்புகிறது, அப்புறம் எப்படிப் புழு?' என்பார்கள். கதவைத் திறந்துவிடுவது மட்டும்தான் நாம். உள்ளே வந்த பிறகு பெருகுவதும் பரவுவதும் அதன் சொந்தச் சாமர்த்தியம்.

இன்னொரு கூட்டம், 'புழு என்றால் அருவருப்பாக இருக்கிறது, தொழில்நுட்பச் சொல் மாதிரி இல்லை' என்கிறது. பள்ளிக்கூடத்தில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறார்களே, அந்தப் பெயரில் எந்த மருத்துவருக்கும் அருவருப்பு வரவில்லை. உண்மையில் தமிழ்ப் புழுவுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. அதை அப்படியே வினையாக்கலாம். 'அரிசி புழுத்துப் போச்சு' என்றால் ஒரு புழு வந்தது என்று யாரும் நினைப்பதில்லை. மூட்டை முழுக்கப் பெருகிவிட்டது என்றுதான் அர்த்தம். பெருக்கம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நஞ்சு பெருகாது, பாம்பு தீண்டினால் தீண்டப்பட்டவரோடு சரி.

முதலில் சொன்ன இன்னொரு தப்புக்கும் தமிழில் சொல் இருக்கிறது. ட்விட்டர் பெயரைப் போட்டு வேறு எவரோ அனுப்புவது ஆள்மாறாட்டம். தாசில்தார் ஆபீஸில் தினம் புழங்கும் சொல். மின்னஞ்சல் நெறிமுறை உருவானபோது அனுப்புநர் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. யார் பெயரையும் போடலாம். இதைப் போய் 'ட்விட்டர் ஹேக்' என்று எழுதுகிறார்கள். பூட்டை உடைத்தவனுக்கும் பொய்க் கையெழுத்துப் போட்டவனுக்கும் ஒரே பிரிவில் வழக்குப் போடுவார்களா?

'ட்விட்டர் பெயரில் ஆள்மாறாட்ட அஞ்சல், உள்ளே கணினிப்புழு' என்று எழுதினால் தலைப்பு ஒன்றும் நீண்டுவிடாது. உள்ளே இருப்பது வைரஸா புழுவா என்று விசாரிக்க நேரமில்லையா, எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தீநிரல் என்ற சொல் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுப் போகலாமே.